சைனிக்புரியில் அடித்த அலை

வந்து சேர்ந்த ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள், அந்த ஊரை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிடுவது நல்லது. சேறு பூசிய ஒரு வேட்டியைப் பார்த்து நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதல் நாவல் வந்த கையோடு கல்யாணம், ஹைதராபாத் சைனிக்புரியில் வீடு, மகள் கயல். இரண்டாவது நாவல் பால்புட்டிகளுக்கு நடுவே காணாமல் போனது. பதிலுக்கு, திருநெல்வேலிச் சிற்றிதழ் ஒன்றில் ‘வாக்கப்பட்ட ஊர்’ என்று பயணக் கட்டுரைகள் எழுதினேன். பயணம் என்றால், மொட்டை மாடிவரை. (வெளியே போய்க் குழந்தைக்குச் சளி பிடித்தால்? நாய் துரத்தினால்?) துணி காயப்போடும்போது தூரத்தில் ஓர் ஏரி மின்னும். அதைத்தான், “காற்றில் உப்பு மணத்தது, அலை வந்து முழங்காலை நனைத்தது” என்று எழுதியிருந்தேன். கயலுக்குச் சோறு ஊட்டும்போது அதை வாசித்தும் காட்டுவேன்.

இதழாசிரியரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். செகந்திராபாத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், மனைவியோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

“கட்டுரையெல்லாம் புத்தகமாப் போட்டுருவோம். மொதல்ல அந்த ஏரியக் காட்டும்மா.”

இரண்டாவது புத்தகத்துக்காகக் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டிருந்தவள் மறுக்க முடியுமா? மாற்று கவுன், தொப்பி, கொசு மருந்து எல்லாம் எடுத்துக்கொண்டேன். வழிதான் தெரியவில்லை. பள்ளி வேனில் தினமும் அந்தப் பக்கம் போகும் கயல்தான் ஆட்டோக்காரரிடம், “பையா, உதர் நக்கோ, சீதா சலோ” என்று, அந்தப் பக்கம் வேண்டாம், நேரே போங்கள் என வழி சொல்லி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. நடுவே எருமைகள். உப்பு மணக்கவில்லை, வேறு என்னவோ மணத்தது.

“ஏம்மா, அலையக் காணோமே?”

“இன்னைக்குக் காத்து இல்ல அண்ணாச்சி.”

என் எழுத்தை நம்பிய அந்த நல்ல மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். முழங்கால் விஷயம் மட்டும் நான் எழுதியபடியே நடந்தது. அதுவரை சேறு. ஒரு செருப்பு மேலே வரவேயில்லை.

“அலைல நிக்கணும்னுதான வந்தீய? நல்லா நில்லுங்க” என்றார் அவர் மனைவி.

கயல் தன் பங்குக்கு, “தாத்தா, அம்ம இக்கடிக்கி எப்புடூ ராலேது!” என்றாள். அம்மா இங்கே வந்ததே இல்லை என்பது, தெலுங்கு தெரியாத இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது. (என் முகம் மொழிபெயர்த்திருக்கும்.)

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் வரவில்லை. என் கணவர் குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து அண்ணாச்சியின் காலுக்கு ஊற்றினார். காலைத் தேய்த்தபடி, நிமிராமலே அண்ணாச்சி கேட்டார்:

“நீ எழுதுனது நம்ம திருச்செந்தூர்க் கடல்லா?”

துண்டு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

புத்தகம் வந்தது. அலைகளை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. எடுத்தபின் பாதிதான் மிஞ்சியது. இன்றும் டேங்கர் தாமதமானால் கணவர், “ஒரு கட்டுரை எழுதேன், அலை மூணாவது மாடிவரைக்கும் வரட்டும்” என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் பயந்துபோய்க் கயலைக் கடல் பக்கம் கூட்டிப்போகாமலே இருந்தேன். போன கோடையில்தான் மனசு துணிந்தது. திருச்செந்தூரில் முதல் அலை அவள் காலை நனைத்ததும், என் சேலையைப் பிடித்து இழுத்துக் கத்தினாள்:

“அம்மா, நுவ்வு செப்பின செருவு இக்கட உந்தி!”

நான் சொன்ன ஏரி இங்கே இருக்கிறதாம்.