வெற்றிடத்தைத் துடைத்த கைக்குட்டை

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் பெண்ணின் தகப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நிம்மதியாக இருப்பதே தங்கள் புண்ணியத்தில்தான்.

நான் முப்பத்திரண்டு வருடம் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். காலி இடம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தறியாதவன். அப்படிப்பட்டவனின் மகள், காற்றுகூட இல்லாத எஃகுப் பெட்டிக்குள் லேசரைக் குவித்து, பயங்கரமான மின்புலத்தை உண்டாக்கி, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் வரவழைக்கப் போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? "தனியா வராதுப்பா, எப்பவும் ஜோடியாத்தான் வரும்" என்றாள். "அப்போ ரெண்டு டிக்கெட்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன் ஐயா, வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, "எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கையுறை எடுக்கப் போனாள், பெட்டி திறந்து கிடந்தது, எட்டிப் பார்த்தேன், உள்விளிம்பில் கறுப்பாக ஒரு சொட்டு, இவ்வளவு பளபளப்பான பெட்டியில் இப்படியொரு கறையா என்று மனசு கேட்கவில்லை, கையால் தொடவே இல்லை, கைக்குட்டையால்தான் துடைத்தேன், முழுசாகப் போகாததால் லேசாக எச்சில் தொட்டும் துடைத்தேன், வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெட்டியை மூடி, மூன்று வாரம் காற்றை உறிஞ்சி எடுத்து, லேசரைப் பாய்ச்சியதும் எலெக்ட்ரான் எண்ணும் கருவி கடகடவென்று எண்ணியதாம்! தாங்கள் கேக் வெட்டினீர்கள். என் மகள் மட்டும், "எலெக்ட்ரான் இவ்வளவு வருது, ஜோடிக்கு ஒரு பாசிட்ரான்கூடக் காணோமே" என்று தலையைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ அழுக்கு கக்கும் வாயுவிலிருந்துதான் எலெக்ட்ரான் கழன்று வருகிறது, அழுக்கு எப்படி உள்ளே போனது என்று அவள் புலம்பினாள். கைக்குட்டையால் துடைத்ததைச் சொல்லிவிட்டேன். "எனக்குக் கொடுத்த லேசர் நேரம் முடிஞ்சுபோச்சுப்பா. நாலு வருஷப் படிப்பு அவ்வளவுதான்" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் கேக் சாப்பிட்ட அத்தனை பேர் முன்னாலும் அவள் உண்மையைச் சொன்னாள். வேறு யாராவது என்றால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். தாங்களோ, "அப்பா செஞ்சதுக்கு நீ என்னம்மா செய்வே? கழுவிட்டு மறுபடி ஆரம்பி" என்று இன்னும் ஆறு மாதம் ஒதுக்கித் தந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை ஆயுளுக்கும் மறக்க மாட்டேன் ஐயா. செய்ததற்கு மன்னிப்பும், பொறுத்ததற்கு நன்றியும்.

தாங்கள் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ வேண்டும். பெட்டிக்குள் இனி ஜோடி ஜோடியாகவே பிறக்கட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் வாசலிலேயே நிற்கப்போகும் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது என் மனைவி அந்தக் கைக்குட்டையைக் கொண்டுவந்து, "எத்தனை தடவை துவைச்சாலும் போகல. இது யாரோட தலைச்சாயம்?" என்று கேட்டாள். எனக்கோ தலையில் ஒரு முடி கிடையாது. மகளைக் கேட்டேன். அங்கே தலைக்குச் சாயம் போடுகிறவரும், தொப்பி மாட்டாமல் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறவரும் ஒரே ஆள்தானாம். "அப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இதை மட்டும் அவருக்கு எழுதிடாதீங்க" என்றாள். ஆகவே இதை நான் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நன்றி முழுவதும் தங்களுக்குத்தான். மன்னிப்பில் மட்டும் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.