ஜைனப் வீட்டு டப்பா

குச்சியின் நுனியில் குத்தப்பட்டிருந்த கேக் உருண்டை, மின்தூக்கியில் இறங்கும் பெரியவரைப் போல அவசரமே இல்லாமல் கீழே இறங்கி, அண்ணாதுரையின் விரல்களின்மேல் வந்து அமர்ந்தது.

"நீயுமா?" என்றார் அவர், உருண்டையைப் பார்த்து.

சர்க்கரை டின்மீது சாய்த்து வைத்திருந்த கைபேசியிலிருந்து மகள் வர்ஷாவின் குரல் கேட்டது. அலுவலகத்தில் இருந்தபடியால் தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"அப்பா, குச்சிய மொதல்ல சாக்லேட்ல தொட்டுட்டுத்தான குத்தணும்? அதுதான் பசை மாதிரி புடிக்கும்."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"காலையில இருந்து அதத்தான் சொல்றேன். எனக்கு மீட்டிங் இருக்குப்பா, பை!"

அண்ணாதுரை சிங்கப்பூரின் ஆங் மோ கியோ பேருந்து நிலையத்தில் மேற்பார்வையாளர். ஒரு நிலையத்துப் பேருந்துகளையெல்லாம் நேரந்தவறாமல் அனுப்பி வைக்கத் தெரிந்தவர். ஆனால் தம் வீட்டுச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால், முதன்முறை வந்த விருந்தாளியைப் போல விழிப்பார். அது முழுக்க முழுக்க அவர் மனைவி லீலாவின் ஆட்சிப் பகுதி.

லீலா உறவினர் திருமணத்துக்காகத் திருச்சி சென்றிருந்தார். கிளம்புவதற்கு முன் முறுக்கு சுட்டு அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் கொடுத்தார். உடைந்தவை மட்டும் கணவருக்கு எஞ்சின. லீலா சென்ற பிறகு, எதிர்வீட்டு ஜைனப் ஓர் எவர்சில்வர் டப்பாவுடன் வாசலில் வந்து நின்றார்.

"ஒண்டே ஒண்டே செஞ்சேண்ணே. சுடச்சுட சாப்பிடுங்க."

ஒண்டே ஒண்டே என்னும், உள்ளே வெல்லப்பாகு ஒளிந்திருக்கும் அந்தப் பச்சை மலாய் உருண்டைகளை அண்ணாதுரை தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஒரே மூச்சில் முடித்தார். பிறகுதான் டப்பாவைப் பார்த்தார். டப்பா காலியாக இருந்தது.

பக்கத்து வீட்டு டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. லீலாவின் அகராதியில் அது கொலைக்குற்றத்துக்குச் சற்றே கீழே வருவது. முன்பொரு முறை அண்ணாதுரை ஒரு டப்பாவைப் பளபளவென்று கழுவி, காலியாகவே கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரம் முழுவதும் அவருக்குக் கிடைத்தவை ரசமும் மௌனமும் மட்டுமே. கடைப் பலகாரத்தால் நிரப்பவும் வழியில்லை. "வாங்கிப் போட்டா அதுவும் காலி டப்பாதான்" என்பது லீலாவின் தீர்ப்பு.

இன்று மாலை லீலாவின் விமானம் சாங்கியில் இறங்குகிறது. அதற்குள் கையால் செய்த ஏதோ ஒன்றுடன் அந்த டப்பா எதிர்வீடு போய்ச் சேர வேண்டும்.

"கேக் பாப் செய்ங்கப்பா" என்று வர்ஷாதான் யோசனை சொன்னாள். "ஓவன் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெடிமேட் கேக்க உதுத்து, உருட்டி, குச்சில குத்தி, சாக்லேட்ல முக்குனா முடிஞ்சுது லா!"

அண்ணாதுரை லிட்டில் இந்தியாவுக்குப் போய், ஹலால் முத்திரையைப் பார்த்துப் பார்த்துப் பொருள்களை வாங்கிவந்தார். கேக்கை உதிர்த்தார். சிறிது கெட்டிப்பால் ஊற்றச் சொல்லியிருந்தாள் மகள். டின் கை நழுவிச் சிறிது பெரிதாகிவிட்டது. கலவை கூழாயிற்று. இறுகட்டும் என்று பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டார், கல்லாயிற்று. இளகட்டும் என்று மீண்டும் பால் ஊற்றினார். இப்படியே மாற்றி மாற்றிச் சேர்த்ததில், ஒரு கிண்ணத்தில் தொடங்கிய கலவை பொங்கல் பானையை நிரப்பிவிட்டது.

அடுத்து சாக்லேட். அழகாகத்தான் உருகியது. ஈரக் கரண்டியை விட்டுக் கிளறியதும் அது ஈரமணலைப் போலத் திரண்டு, கரண்டியைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. அவர் மறுபடியும் லிட்டில் இந்தியாவுக்கு ஓடினார். வீட்டுக்குக் கீழேயே ஒரு பேரங்காடி இருக்கிறது என்பது திரும்பி வரும் ரயிலில்தான் அவர் நினைவுக்கு வந்தது.

அலங்காரத்துக்கு வண்ண மணிகள் வேண்டும் என்றிருந்தாள் வர்ஷா. உணவகங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் வண்ணச் சோம்பு அவருக்குப் பரிச்சயமானதால், அதையே வாங்கிவந்திருந்தார். இப்போது குச்சியை முறைப்படி சாக்லேட்டில் தொட்டு, உருண்டையைக் குத்தி, முக்கி, சோம்பைத் தூவினார். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் சாக்லேட் காயும்வரை எதில் நிறுத்துவது?

கண்கள் அலைந்து, பூசை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னே இருந்த வாழைப்பழச் சீப்பில் நிலைத்தன. வழக்கமாக ஊதுபத்தி குத்தும் பழம். ஊதுபத்தியைத் தாங்குவது கேக்கைத் தாங்காதா? தாங்கியது. மின்விசிறிக் காற்றும் அங்கேதான் நன்றாக வீசியது. எல்லாவற்றையும் வரிசையாகக் குத்தி முடித்து, அண்ணாதுரை முதன்முறையாகப் புன்னகை செய்தார்.

அந்த நேரத்தில், விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லவிருந்த நண்பர் வேலாயுதம் உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

"என்ன விசேஷம்ண்ணே? ஊதுபத்தி புது மாடலா இருக்கு. பத்த வைக்கட்டுமா?"

"தொடாத! அது கேக்கு. ஜைனப் வீட்டுக்குக் குடுக்கப் போறேன்."

வேலாயுதம் தயங்கினார். "சாமிக்குப் படைச்சத அவங்க சாப்பிட மாட்டாங்களேண்ணே."

"நான் எங்கய்யா படைச்சேன்? நிக்க வச்சேன்!"

"பழத்துல குத்தியிருக்கு, முருகன் முன்னாடி இருக்கு, கும்பிட்டாச்சு. இதுக்கு மேல எப்படிண்ணே படைக்கிறது?"

"கும்பிட்டது நீ!"

"முருகனுக்கு அது தெரியுமா?"

அண்ணாதுரை நாற்காலியில் சாய்ந்தார். மனம் ஒப்பவில்லை. தெரிந்துகொண்டே அதை எதிர்வீட்டுக்குக் கொடுப்பது முறையல்ல. பானையை எட்டிப் பார்த்தார். நல்லவேளையாக, இன்னும் ஒரு திருமணத்துக்குப் போதுமான கலவை அதில் இருந்தது.

"வேலு, கை கழுவிட்டு வா. உருட்டு."

"ஃப்ளைட் எறங்கிரும்ண்ணே."

"அதுக்குத்தான் சொல்றேன். வேகமா உருட்டு!"

இருவரும் உருட்டினார்கள். இம்முறை குளிர்சாதனப் பெட்டியிலிருந்த அரைப் பூசணிக்காயைத் தூக்கி, முருகனின் பார்வை படாத சலவை இயந்திரத்தின்மீது வைத்து, அதில் குத்தினார்கள். சாக்லேட் இறுகியது. சோம்பு மின்னியது. டப்பாவில் அடுக்கி மூடியை வைத்தால், மூட மறுத்தது. குச்சிகள் இடித்தன.

"படுக்க வைங்கண்ணே."

படுக்க வைத்தார்கள். சிலவே கொள்ளும் என்றது டப்பா.

"குச்சிய ஒடச்சிருவோம்."

உடைத்தார்கள். உடைத்த வேகத்தில் குச்சிகள் உருண்டைகளை விட்டே கழன்று வந்தன. அரைநாள் பாடுபட்டுச் செய்த கேக் பாப், குச்சியை இழந்து வெறும் உருண்டையாக, சாதாரண லட்டைப் போல டப்பாவுக்குள் அடங்கி அமர்ந்தது. மூடி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அண்ணாதுரை சட்டையில் சாக்லேட்டும் புருவத்தில் பிஸ்கட் பொடியுமாக எதிர்வீட்டு மணியை அழுத்தினார். ஜைனப் கதவைத் திறந்தார். டப்பாவைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! நீங்களே செஞ்சீங்களாண்ணே?"

"பின்ன? காலி டப்பாவத் திருப்பிக் குடுக்கலாமா?" என்றார் அண்ணாதுரை. நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்திருந்தது. லீலா இப்போதே வந்து நின்றாலும் அஞ்சத் தேவையில்லை.

ஜைனப் ஓர் உருண்டையைக் கடித்தார்; கண்களை மூடி ரசித்தார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல டப்பாவைத் தலைக்குமேல் தூக்கி, அதன் அடிப்பாகத்தைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல வாடியது.

"அண்ணே, அடியில உங்க ரெண்டு பேரு பேரையும் கல்யாண தேதியோட வெட்டியிருக்கே, அக்கா முறுக்கு வச்சுக் குடுத்த டப்பாலதான நான் ஒண்டே ஒண்டே போட்டுத் திருப்பிக் குடுத்தேன்... இப்ப நான் மறுபடியும் என்னத்தண்ணே செஞ்சு போடுறது?"