முகவரி ஆறு துண்டு, க்ரீம் தூக்கலாக

வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்திலும், கீழே கடையின் புதிய முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லெமன் பை பல்லை இளித்தது.

"ஏம்மா நெலிடா, கடை மாறிடுச்சுன்னு ஊருக்குச் சொல்லச் சொன்னா பலகாரத்தைக் காட்டுறே?" என்றார் முதலாளி எரிபெர்த்தோ.

அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் மெண்டோசா தெரு முனையில் நாற்பது வருடம் நடந்த அவருடைய காபிக் கடைக்கு, ஆற்றங்கரையில் புதிய வளாகத்தில் அன்று மாலை ஐந்துக்குத் திறப்பு விழா.

"பழைய ஆளுங்க வரலேன்னா உன் வேலையும் போச்சு, சொல்லிட்டேன்."

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் நெலிடாவுக்குக் கோளாறு விளங்கிவிட்டது. பக்கத்தின் அடியில் வரும் முகவரி ஃபைலுக்கு ஸ்பானிய வழக்கப்படி 'பியே', அதாவது பாதம், என்று பெயர் வைத்திருந்தாள். பலகாரப் பட்டியலைக் காட்டும் மாட்யூலை, அதாவது நிரல் துண்டை, எழுதிய புண்ணியவான் லெமன் பை ஃபைலுக்கு ஆங்கிலத்தில் 'பை' என்று வைத்திருந்தான். வாயில்தான் வேறு, எழுத்தில் இரண்டும் p-i-e தான். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், முன்னால் நிற்கும் மாட்யூலுடையதுதான் ஜெயிக்கும்.

தன்னுடையதை முன்னால் நகர்த்தினாள். உடனே போன் அலறியது.

"பலகாரப் பட்டியல்ல லெமன் பைக்குப் பதிலா உங்க விலாசம் இருக்கே! சரி, அதுலயே ஆறு துண்டு அனுப்புங்க, க்ரீம் தூக்கலா" என்றது ஒரு பெண் குரல்.

"கேட்டியா? என் விலாசத்தைத் துண்டு போட்டு விக்கிறே!" என்ற முதலாளி சட்டென்று தணிந்தார். "பழைய கடையில ஜன்னலோர மேசைக்கு அடிதடியே நடக்கும்மா. மழை பெஞ்சா ஒருத்தனும் எழுந்திரிக்க மாட்டான். கட்டடத்தை வித்துட்டாங்க, நான் என்ன பண்ண? இந்தக் கண்ணாடிக் கூண்டு எனக்கே பிடிக்கல." கோட்டு மாற்ற வீட்டுக்குக் கிளம்பினார்.

நெலிடா எரிச்சலில் இரண்டு ஃபைலுக்கும் வேறு பெயர் வைத்தாள். பட்டியலில் பை வந்தது. கீழே ஏதோ முகவரியும் வந்தது. அப்பாடா என்று மூடினாள்.

ஐந்து மணிக்குப் புதுக் கடையில் ஈ காக்கை இல்லை. முதலாளியையே காணோம். பயந்துபோய் வெப்சைட்டைத் திறந்தாள். 'மெண்டோசா தெரு முனை' என்றிருந்தது. இன்னும் 'பியே' என்ற பழைய பெயரையே கேட்ட பக்கங்கள், முன்னால் நின்ற மாட்யூல்களில் அது கிடைக்காததால், கடைசியில் கிடந்த ஆதிகால மாட்யூலின் 'பியே'யிலிருந்து பழைய முகவரியை எடுத்திருந்தன.

அடக் கடவுளே!

போன் அடித்தது. "பழைய கட்டடத்து வாட்ச்மேன் ஹசிந்தோ பேசுறேன். இங்க அறுபது பேர் வரிசையில நிக்கிறாங்கம்மா."

"ஐயோ, முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே!"

"நான் எங்க சொல்றது? வரிசையில முத ஆளே அவருதான். வெப்சைட்டுல விலாசத்தைப் பார்த்துட்டு, ஜன்னலோர மேசை பிடிக்க ஓடி வந்தாராம்!"