நூற்றுப் பதினேழு வயர்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் ஜப்பார். அவர் மனைவி முனவ்வரா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று புத்தளத்திலிருந்து வந்து ஐந்து நாளாகத் தங்கியிருந்த முனவ்வராவின் தங்கை நஃபீஸா. அடுத்த வளவு மகாலிங்கம், இளைப்பாறிய தபாலதிபர். பூனையையும் அதன் நாலு குட்டிகளையும் சேர்த்தால் ஒன்பது. பூனையைச் சேர்க்கத்தான் வேண்டும். சண்டையே அதனால்தான் வந்தது.

முனவ்வரா தையல் வேலை செய்பவள். அவர்கள் ஊரான எத்தாளையில் பாதிப் பெண்கள் உடுத்துவது அவள் தைத்ததுதான். ஆனால் தைக்கக் கொடுத்த துணிகளை வைக்க வீட்டில் இடமில்லை. முன்ஹாலில் இருந்த அலுமாரிக்கு ஆறு தட்டு. மேல் நாலு தட்டில் உடுப்பும் பீங்கானும். கீழ் இரண்டு தட்டில் ஜப்பாரின் வயர்கள். ஆகவே துணிகள் கதிரையில் கிடந்தன. பெருநாளுக்கு முந்திய கிழமை ஒரு கல்யாணப் பெண்ணின் சட்டைத் துணிமேல் பூனை குட்டி போட்டுவிட்டது. எண்ணி நாலு குட்டி. பெண் வீட்டார் பேசிய பேச்சைத்தான் எண்ண முடியவில்லை.

ஜப்பார் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்து இளைப்பாறியவர். எதை எறிந்தாலும் வயரை எறியமாட்டார். அரைக்கிற மிசின் செத்துப்போனது, அதன் வயர் இருந்தது. இஸ்திரிப் பெட்டி உருகிப்போனது, அதன் வயரும் இருந்தது. அந்த வீட்டில் ஒருநாளும் இருந்திராத சாமான்களின் வயர்கூட இருந்தது. ஒவ்வொன்றையும் சுருட்டி, இறப்பர் வளையம் போட்டு, பெரியது பின்னால், சின்னது முன்னால் என்று அடுக்கியிருந்தார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "ஒரு நாளைக்கு உதவும்."

பெருநாளுக்கு மறுநாள் காலை, தேத்தண்ணியை வைத்துவிட்டு முனவ்வரா கதையை எடுத்தாள்.

"இஞ்சாருங்க, அந்த ரெண்டு தட்டையும் எனக்குத் தாங்க."

"அப்ப வயரை எங்க வைக்கிற?"

"கடல்ல."

"ஒரு நாளைக்கு உதவும், முனவ்வரா."

"இருபது வருஷமா அந்த ஒரு நாள் வந்துகொண்டே இருக்கு. எதில வருது? கல்பிட்டி பஸ்ஸிலயா?"

சிரிப்பை அடக்குவதற்காக நஃபீஸா ஒரு துண்டு வட்டிலப்பத்தை வாய்க்குள் தள்ளினாள். அடங்கவில்லை. மைத்துனிக்கு முன்னால் ஜப்பாருக்கு ரோசம் வந்துவிட்டது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"அந்த நாள் இண்டைக்குத்தான்!"

விஷயம் இதுதான். கத்தாரில் இருக்கும் மருமகன் நௌஃபர் புதிதாக ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிக்கொண்டு, பழையதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மாமாவுக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்று அவருக்குத் தெரியும். பெட்டி வந்து நாலு நாள். வந்த நேரம் ஜப்பார் பள்ளிவாசலில் இருந்தார். முனவ்வராதான் வாங்கி வைத்தாள். பெருநாள் அலைச்சலில் ஜப்பாருக்கு அதைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்கு வயது பதின்மூன்று. சத்தம் போடும் செட் அதைவிட மூப்பு. ஆலங்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலை மூடியபோது ஜப்பார் வாங்கி வந்தது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி.

"கேம் பெட்டியை டீவியில கொழுவுறன். சத்தம் செட்டால வரப்பண்ணுறன். எல்லாம் இந்த வயராலதான். கடையில ஒண்டும் வாங்கமாட்டன். ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கமாட்டன்!"

"ஒருத்தரிட்டயும்?" என்று கேட்டாள் முனவ்வரா.

"ஒருத்தரிட்டயும்!"

"ஏலாட்டி?"

"ஏலாட்டி முழுக்க அள்ளிப் பழைய இரும்புக்காரனுக்குக் குடு. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுதான் தவணை."

முனவ்வரா சண்டை பிடிக்கவில்லை. தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நஃபீஸா, நீ சாட்சி. மகாலிங்கம் அண்ணனையும் கூப்பிடு."

மகாலிங்கம் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். கூப்பிட்ட குரலுக்கே வந்தார். ஜப்பாரோடு கிரிக்கெட் ஆடலாம் என்று அவரும் நாலு நாளாகக் காத்திருந்தார்.

முதலில் வயர்களை எண்ணினார்கள். முனவ்வராவின் தையல் தகரத்தை நஃபீஸா மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வயருக்கு ஒரு பொத்தான் என்று ஒரு பீங்கான் தட்டில் போட்டாள். நூற்றுப் பதினேழு. ஜப்பார் தானும் ஒருமுறை எண்ணினார். நூற்றுப் பதினேழேதான்.

"உதவாத வயர் இந்தச் சாக்குக்குள்ள," என்று முனவ்வரா ஓர் அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள்.

ஜப்பார் தொலைக்காட்சியைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்பது ஓட்டை. எட்டில் உப்புக்காற்றுத் தூசி அப்பிக்கிடந்தது. ஒன்று மட்டும் துப்புரவாக இருந்தது. தட்டையான சின்ன ஓட்டை. அதில் பல்லி குடியிருந்திருக்கும் என்று ஜப்பார் முடிவுசெய்தார்.

பதினெட்டாவது வயர் இரண்டு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. ஒரு முனையைத் தொலைக்காட்சியிலும் மறு முனையைச் செட்டிலும் குத்தினார். ரிமோட்டை அமத்தினார். செய்தி வாசிக்கிற பெண் ஐந்து மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் கத்தினாள். ஐந்தாவது ஸ்பீக்கர் ஹாலில் இடமில்லாமல் குசினித் தட்டில் இருந்தது. அங்கே ஒரு சட்டி விழுந்தது. பூனை நாலு தடவை வந்து நாலு குட்டியையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனது.

"பாத்தியா முனவ்வரா! ஒண்டு உதவிட்டுது!"

"அல்ஹம்துலில்லாஹ். இன்னும் நூத்திப் பதினாறு இருக்கு."

சத்தம் வந்துவிட்டது. இனிப் படம் வரவேண்டும். ஜப்பார் கேம் பெட்டி வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பெட்டி, கையில் பிடிக்கிற பிடி இரண்டு, கரண்ட் வயர் ஒன்று. அவ்வளவுதான். பெட்டியின் பின்னாலும் அதே மாதிரித் தட்டையான ஓட்டை. அதற்கு ஏற்ற வாயுள்ள வயரைத் தேடத் தொடங்கினார்.

உருண்டை வாய் இருந்தது. சதுர வாய் இருந்தது. இரண்டு பக்கமும் ஆணி வைத்த அகல வாய் இருந்தது. வாயே இல்லாமல் நாக்கு மட்டும் தொங்குகிற வயரும் இருந்தது. தட்டை வாய் மட்டும் இல்லை.

"நானா, உதைக் கொஞ்சம் சரிச்சுப் பாருங்கோவன்," என்றார் மகாலிங்கம்.

"சரிச்சுட்டன்."

"திருப்பிப் பாருங்கோவன்."

"திருப்பிட்டன்."

"அப்ப சாக்குக்குள்ள போடுங்கோவன்."

நஃபீஸா ஒரு பொத்தானைத் தள்ளினாள். "முப்பத்தொண்டு, மச்சான்."

முனவ்வரா மட்டும் அன்று தேனாக இருந்தாள். மூன்று முறை தேத்தண்ணி கொடுத்தாள். மூன்றாவதோடு வட்டிலப்பமும் வந்தது. குனிந்து, "அந்த மூலையில இன்னொண்டு கிடக்கு பாருங்க," என்று எடுத்துக் கொடுத்தாள். ஜப்பாரின் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் ஒற்றியும் விட்டாள். முப்பத்துநாலு வருஷக் கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் இப்படி நடந்ததில்லை. அப்போதே அவர் விழித்திருக்க வேண்டும். அவர் வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பதாவது வயரில் மகாலிங்கம் காதருகே வந்தார்.

"நானா, உந்தப் பெட்டியோட வயர் ஒண்டு கூட வந்திருக்கவேணும். முனவ்வரா தங்கச்சியிட்ட ஒரு வார்த்தை கேட்டால் என்ன?"

"கேக்கமாட்டன் எண்டு சொல்லிட்டன், மாஸ்டர். எனக்கு நாக்கு ஒண்டுதான். மருமகன் போட மறந்திருப்பார்."

முனவ்வரா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நூறு போனது. நூற்றுப் பத்து போனது. கடைசி வயரைப் பிடித்துக்கொண்டு ஜப்பார் பெட்டியைச் சுற்றி மூன்று தரம் வந்தார். எந்தப் பக்கத்தாலும் நுழையவில்லை. பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொன்னது. பாங்கு முடிய, வாசலில் ஆட்டோவின் ஹோன் அடித்தது. பழைய இரும்பு எடுக்கிற நிரோசன்.

"இவன் எப்பிடி இந்த நேரம் பாத்து வந்தான்?"

"காலையில சுபஹுக்குப் பிறகு போன் பண்ணிச் சொன்னன்," என்றாள் முனவ்வரா.

"சுபஹுக்குப் பிறகா? நான் பந்தயம் பிடிச்சதே தேத்தண்ணி குடிக்கக்குள்ளதானே?"

"பிடிப்பீங்க எண்டு தெரியும்."

ஜப்பார் சாக்கின் வாயைக் கட்டினார். கட்டிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தொண்ணூறில எங்கட சனத்தை விரட்டின நேரம் மன்னாரில இருந்து ஒரு பையோட வந்தன், முனவ்வரா. அதுக்குப் பிறகு ஒண்டையும் எறிய மனம் வருதில்ல."

முனவ்வரா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நானும் அதே வள்ளத்திலதான் வந்தன். கல்யாணமாகி ஏழு மாசம். என்ட தையல் மிசினை விட்டுட்டு வந்தன். நீங்க வயர் ஒண்டையும் விட்டுட்டு வந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல."

மகாலிங்கம் இருமினார். ஜப்பார் சாக்கைத் தூக்கினார்.

"ராத்தா, நில்லுங்க," என்றாள் நஃபீஸா. "பொத்தான் நூத்திப் பதினேழு. டீவியில ஒண்டு. சாக்குக்குள்ள விழுந்தது நூத்திப் பதினைஞ்சு. ஒண்டு குறையுது."

ஜப்பார் கூரையில் இருந்த ஓடுகளை எண்ணத் தொடங்கினார்.

"இஞ்சாருங்க," என்றாள் முனவ்வரா, மிக மெதுவாக. "சாறத்தை ஒருக்கா உதறுங்க."

மடியிலிருந்து ஒரு வயர் விழுந்தது. கறுப்பு, ஒன்றரை முழம். மன்னாரிலிருந்து வந்த புதிதில் அவர்கள் இருந்த கொட்டிலுக்குக் கரண்ட் வந்த அன்று வாங்கிய முதல் ரேடியோவின் வயர். அது என்னவென்று முனவ்வராவுக்கும் தெரியும். குனிந்து எடுத்தாள். சாக்குப் பக்கம் போனாள். நிரோசன் சாக்கைத் தூக்கி ஆட்டோவில் போட்டுவிட்டு, பதிலுக்கு இரண்டு பிளாஸ்டிக் பேசினும் ஒரு வடிதட்டும் கொடுத்தான்.

"நல்ல செம்பு நானா. வேற இருந்தாச் சொல்லுங்க."

"இல்ல," என்றார் ஜப்பார்.

அசர் தொழுதுவிட்டு அவர் திரும்பி வந்தபோது, முனவ்வரா தையல் மிசினின் லாச்சியை இழுத்து, அதற்குள்ளிருந்து ஒரு வயரை எடுத்தாள். இரண்டு பக்கமும் தட்டை வாய்.

"இது எங்கால?"

"பெட்டியோட வந்தது."

"இவ்வளவு நேரம் ஏன் தரல்ல?"

"நீங்க கேக்கல்லயே. கேட்டிருந்தாத் தந்திருப்பன்."

மகாலிங்கம் முகட்டைப் பார்த்தார். அவர் எண்பதாவது வயரிலேயே சொன்னவர்.

முனவ்வரா ஒரு முனையைக் கேம் பெட்டியில் வைத்தாள். மறு முனையைத் தொலைக்காட்சியின் பின்னால், பல்லி குடியிருந்த ஓட்டையில், எட்டிப் பார்க்காமலேயே வைத்தாள். ரிமோட்டில் ஒரு பொத்தானை இரண்டு தரம் அமத்தினாள். பச்சைப் பசேலென்று ஒரு மைதானம் வந்தது. ஐந்து ஸ்பீக்கரிலும் சனம் ஆரவாரம் செய்தது.

"உனக்கு இது எப்பிடித் தெரியும்?"

"ஊசி ஓட்டைக்குள்ள நூல் கோக்கிறவளுக்கு இந்த ஓட்டை என்ன பெரிசா?"

திரையில் ஏதோ எழுத்து வந்தது. மகாலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தந்தி வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"கூடிய ஓட்டம் எடுத்தவர்கள். முதலாவது, முனவ்வரா. எண்பத்துநாலு, ஆட்டமிழக்கவில்லை. இரண்டாவது, நஃபீஸா. அறுபத்தொண்டு." கண்ணாடியைக் கழற்றினார். "திகதி நாலு நாளைக்கு முந்தினது, நானா."

ஜப்பார் மனைவியைப் பார்த்தார். மைத்துனியைப் பார்த்தார்.

"நீங்க பள்ளிக்குப் போற நேரத்திலதான், மச்சான்," என்றாள் நஃபீஸா. "ஃபஹ்மியா கத்தாரில இருந்து வீடியோவில காட்டித் தந்தா. நீங்க வரக்குள்ள கழட்டி வச்சிருவம்."

"என்ட மகளுமா?"

"மருமகனும்தான்," என்றாள் முனவ்வரா.

மகாலிங்கத்துக்கு நாலு நாள் காத்திருந்த பொறுமை போய்விட்டது. பிடியை எடுத்துப் பந்து போட்டார். ஜப்பார் துடுப்பெடுத்தார். முதல் பந்தில் நாலு ஓட்டம். இரண்டாவது பந்தில் ஸ்டம்ப் மூன்றும் பறந்தது. குசினி ஸ்பீக்கர் மற்ற நாலையும்விடப் பலமாகக் கைதட்டியது.

அவர் பிடியை வைத்துவிட்டுத் தனியாகப் போய்க் கதிரையில் இருந்தார். முனவ்வரா பின்னால் வந்தாள். தன் இடுப்பில் செருகியிருந்த அந்தக் கறுப்பு வயரை எடுத்து நீட்டினாள். சுருட்டி, இறப்பர் வளையமும் போட்டிருந்தாள்.

"இந்தாங்க. ஒரு நாளைக்கு உதவும்."

ஜப்பாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வயரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எழும்பி, அலுமாரியைத் திறந்தார். கீழ் இரண்டு தட்டிலும் தைக்கிற துணிகள், பெரியது பின்னால், சின்னது முன்னால் என்று விளிம்புவரை அடுக்கியிருந்தன. ஒரு ஊசிக்குக்கூட இடமில்லை.

"முனவ்வரா, இதை எங்க வைக்கிற?"

"கதிரையில வையுங்க," என்றாள் அவள், அவர் வைத்துவிட்டுப் போன பிடியை எடுத்து மகாலிங்கத்தின் பந்தை எல்லைக்கு அடித்துக்கொண்டே.

கதிரையில் வைத்தார். நஃபீஸா நூற்றுப் பதினைந்து பொத்தான்களைத் தகரத்துக்குள் போட்டு மூடினாள். தட்டில் மிச்சம் இரண்டு.