இந்த வருடத்தின் சிறந்த படம்

இனிமேல் மேரியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று சவரிமுத்து சபதம் எடுத்தார். மாதா படத்துக்கு முன்னால் நின்று, வாய்விட்டு, கை நீட்டி எடுத்த சபதம். எடுத்து முடித்துத் திரும்பினால் காபி டம்ளரோடு மேரி நிற்கிறாள்.

"என்னங்க, இன்னைக்கு செபம் ரொம்ப சத்தமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. உலக சமாதானத்துக்கு வேண்டிக்கிட்டேன்."

"மொதல்ல வீட்டு சமாதானத்துக்கு வேண்டுங்க" என்று டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

திண்டுக்கல் பூட்டுக் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க் சவரிமுத்து என்றால் தெருவில் நாலு பேருக்குத் தெரியும். 'மலைக்கோட்டை முத்து' என்றால் நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர் வரைக்கும் தெரியும். மதுரையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் ஆறு வருஷமாக அந்தப் புனைபெயரில் சினிமா விமர்சனம் எழுதுகிறார். ஆறு வருஷத்தில் அவர் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பொய் சொல்லவில்லை. கொட்டகையில் விளக்கை அணைத்தால் மனுஷனின் கண்ணும் அணைந்துவிடும். வணக்கம் போட்டதும் வாட்ச்மேன் வந்து தோளைத் தட்டி, "சார், நாற்காலிய விட்டுட்டுப் போங்க" என்பார்.

படம் பார்ப்பது அவர் மனைவி ஆனந்தமேரி. பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியோடு சனிக்கிழமை மேட்னிக்குப் போய்விட்டு வந்து, ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டே கதை சொல்வாள். சாதாரணமாகவா சொல்வாள்? எழுத்து போடும்போது பின்னால் ஓடிய ரயிலில் இருந்து ஆரம்பிப்பாள். வில்லன் இருமினால் இருமுவாள். அம்மாக்காரி செத்தால் குழவியை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துவாள். அப்புறம்தான் அடுத்த சீன். சவரிமுத்து அதைக் காதால் வாங்கிக் கையால் இறக்கி, நடுவில் 'ஒளிப்பதிவு கண்ணுக்கு இதம்' என்று ஒரு வரி சொந்தமாகச் சேர்த்து அனுப்பிவிடுவார்.

அந்த 1987 டிசம்பரில்தான் வம்பு வந்தது. 'ஆண்டு 87: ஒரு ரசிகனின் பார்வை' என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லி ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். சினிமா, டி.வி., ரேடியோ, அன்றாட வாழ்க்கை எல்லாம் வரலாம், கூடவே போட்டோவும் அனுப்பவும் என்று எழுதியிருந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் போட்டோ. சவரிமுத்துவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கே ஸ்டுடியோவுக்குப் போய் மோவாயில் கை வைத்து ஒரு போஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

மேரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடைசில ஒரு வரி போடுங்க. கதை சொல்லி உதவியவர் ஆனந்தமேரின்னு."

"எழுத்துங்கறது தவம் புள்ள. தவத்துக்கு யாராவது உதவி பண்ணுவாகளா?"

"ஓகோ. தவமா? சரி, நல்லா தவம் பண்ணுங்க."

அன்றோடு கதை சொல்லும் வாயைப் பூட்டிக்கொண்டாள். நம்ம ஊர்ப் பூட்டு, லேசில் திறக்குமா? அதனால் வந்த ரோசம்தான் அந்தச் சபதம்.

தானே படம் பார்ப்பதென்று மூன்று ஞாயிறு மூன்று கொட்டகைக்குப் போனார். முதல் படத்தில் கண்ணில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்தார், எரிச்சல் தணிந்ததும் தூங்கினார். இரண்டாவது படத்தில் நின்றுகொண்டே பார்க்கலாம் என்று தூணோரம் நின்றார், தூணைக் கட்டிக்கொண்டு தூங்கினார். மூன்றாவது படத்தில் சண்டைக் காட்சியில் விழித்திருந்தது உண்மைதான். ஆனால் சண்டை திரையில் இல்லை. அவர் தலை சாய்த்திருந்த தோளுக்குச் சொந்தக்காரர் போட்ட சண்டை அது.

சனிக்கிழமை வந்துவிட்டது. சாயங்காலத் தபாலில் கட்டுரை போயாக வேண்டும். மற்றதெல்லாம் தயார். டி.வி. பகுதியில், ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் கோடைக்கானல் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிற மொட்டைமாடி ஆண்டெனாக்களைப் பற்றியும், காற்றடிக்கும்போதெல்லாம் மாடியேறி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று ஊரே கத்தியதைப் பற்றியும் எழுதியிருந்தார். அன்றாட வாழ்க்கையில், பன்னிரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்த அன்று தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்ததை எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. 'சிறந்த படம்' என்ற தலைப்புக்குக் கீழேதான் வெள்ளைக் காகிதம் பல்லை இளித்தது.

அப்போதுதான் கொல்லையில் குழவிச் சத்தம் கேட்டது. கூடவே ஜெய்தூன் பீவியின் குரல்.

"மேரி, நீ பாத்தியே ஒரு படம், அதென்ன படம்? சொல்லுடி, உள்ளிய உரிச்சுக்கிட்டே கேக்குறேன்."

சவரிமுத்துவின் மூளையில் பல்பு எரிந்தது. சபதம் கேட்கக் கூடாதென்பதுதான். காதில் தானாக விழுந்தால் அது கேட்டதாகுமா? துண்டைத் தோளில் போட்டு, துண்டுக்குள் நோட்டை வைத்து, கொல்லையில் இருந்த குளியலறைக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"ரெண்டாம் ஷிப்ட்னு ஒரு படம்க்கா" என்று ஆரம்பித்தாள் மேரி. "பாக்கியம்னு ஒருத்தி. நூல் மில்லுல ரெண்டாம் ஷிப்ட் பாக்குறா. புருஷன்காரன் அதே மில்லுல ஆபீஸ் கிளார்க்கு. மேடையில பேசுறதுல பெரிய ஆளு."

"நல்லாப் பேசுவானா?"

"பேசுறது அவன். யோசிக்கிறது இவ. மில்லுல நூலு ஓடுற நேரத்துல இவ மனசுக்குள்ள பேச்சைக் கோத்து வைப்பா. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது ஒவ்வொண்ணாச் சொல்லுவா. அவன் அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு மேடையேறிப் பொன்னாடை வாங்குவான்."

"அடப்பாவி. பொஞ்சாதி பேரச் சொல்ல மாட்டானா?"

"எங்க சொல்றான். ஆண்டு விழாவுக்கு நானும் வாரேங்கன்னு கேட்டா, கூட்டத்துல உனக்கு மூச்சு முட்டும்ங்கறான். பொன்னாடை மட்டும் வீட்டுக்கு வருது. அதை மடிச்சு வைக்கிற வேலை இவளுக்கு."

தகரக் கதவுக்குப் பின்னால் சவரிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரன் இருப்பானா? பென்சில் முனை ஒடிகிற வேகத்தில் எழுதினார். மேரியின் கதையில், ஆண்டு விழா மேடையில் அவன் பாதிப் பேச்சை மறந்து திருதிருவென்று முழிக்க, அவனுக்குத் தெரியாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் எழுந்து நின்றாள்.

"எந்திரிச்சு?" என்றாள் ஜெய்தூன் பீவி.

"எந்திரிச்சு, இடைவேளை" என்றாள் மேரி. "மாவு ஆட்டியாச்சு. மிச்சத்த நாளைக்குச் சொல்றேங்க்கா."

நாளைக்கு வரை தபால் காத்திருக்குமா? ஆனால் ஆறு வருஷ அனுபவம் சும்மாவா. 'முடிவை வெள்ளித்திரையில் காண்க' என்ற ஒரு வரி எத்தனையோ விமர்சகர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைப் போட்டார். அதற்கு முன்னால் தன் நெஞ்சிலிருந்து வந்ததைக் கொட்டினார்: 'மனைவியின் மூளையைத் திருடிப் பொன்னாடை போர்த்திக்கொள்பவனும் ஓர் ஆண்மகனா? வெட்கம். இத்தகையவர்கள் நம் தெருவிலும் உலவலாம். வாசகர்களே, அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.' தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, மனத் திருப்தியோடு இரண்டு ஆப்பம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

வருஷக் கடைசியில் இதழ் வந்தது. 'அடையாளம் கண்டுகொள்ளுங்கள்' என்ற வரிக்குப் பக்கத்திலேயே, மோவாயில் கை வைத்த போட்டோ.

புது வருஷப் பூசை முடிந்து கோயில் வாசலில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். "அந்த ரெண்டாம் ஷிப்ட் எந்தக் கொட்டகையில ஓடுது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செபஸ்தியம்மாள் டீச்சர் பழனி வரைக்கும் விசாரித்துவிட்டாராம், அங்கேயும் இல்லையாம். வீட்டுக்கு வந்தால் ஜெய்தூன் பீவி தாழ்வாரத்தில் உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டிருக்கிறாள்.

"வாங்க தம்பி. அந்தப் படத்துக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்களேன்."

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். "மேரி, சும்மாதான் கேக்குறேன். ரெண்டாம் ஷிப்ட்டு நீ எங்க பாத்த?"

"எந்தப் படங்க? நான் உங்ககிட்ட எந்தக் கதையும் சொல்லலையே."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? நின்றார். உட்கார்ந்தார். மறுபடி நின்றார். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"குளிச்சுக்கிட்டு இருக்கும்போது காதுல விழுந்துச்சு புள்ள."

"முக்கா மணி நேரமா, சொட்டுத் தண்ணி சத்தம் இல்லாமக் குளிச்சீங்களா? கதவுக்குக் கீழ உங்க ரெண்டு காலும் தெரிஞ்சுது. அக்காவச் சத்தமாக் கதை கேக்கச் சொன்னதே நான்தான். கால் தெரிஞ்சப்புறம்தான் ஆரம்பிச்சேன்."

"அப்பப் படம்?"

"படமும் இல்ல, கிடமும் இல்ல. நானே சோடிச்சது. அந்தப் புருஷன் யாருன்னு எழுதும்போதாவது தெரிஞ்சுக்குவீங்கன்னு பாத்தேன். பாவம், நீங்க அவனைத்தான் திட்டி வச்சிருக்கீங்க."

ஜெய்தூன் பீவிக்குப் புரையேறிவிட்டது. சவரிமுத்துவுக்குப் பாதம் முதல் உச்சி வரை சுட்டது. ஆறு வருஷப் பேர். ஒரே வாரத்தில் இல்லாத படத்துக்கு முதலிடம் கொடுத்தவன் என்று ஊர் சிரிக்கும். பத்திரிகைக்காரர் இனிமேல் அவரிடமிருந்து ஒரு துணுக்காவது வாங்குவாரா?

எட்டாம் நாள் ஆசிரியரின் கடிதம் வந்தது. சவரிமுத்து பிரிக்கப் பயந்தார். மேரிதான் பிரித்துச் சத்தமாக வாசித்தாள்.

'அன்புள்ள மலைக்கோட்டை முத்து அவர்களுக்கு, அப்படி ஒரு படமே வரவில்லை என்று அறுபது கடிதங்கள். பாக்கியம் எழுந்து நின்று என்ன செய்தாள் என்று நூற்றிருபது கடிதங்கள். இல்லாத படத்துக்கு விமர்சனம் எழுதியதற்கு உங்களை நீக்கியிருப்பேன். ஆனால் கதை அற்புதம். பதினாறு வாரத் தொடராகப் போடலாம். உங்கள் கற்பனையா, வேறு யாருடையதா? உடனே எழுதவும்.'

சவரிமுத்துவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. சட்டென்று பேனாவை எடுத்தார்.

"என் கற்பனைதான்னு எழுதிர்றேன். நமக்குள்ள என்ன புள்ள, நீ வேற நான் வேறயா?"

"தாராளமா எழுதுங்க" என்றாள் மேரி. "பாக்கியம் எந்திரிச்சு நின்னு என்ன செஞ்சா? அதையும் எழுதுங்க."

பேனா அப்படியே நின்றது. அவர் மோட்டுவளையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஜெய்தூன் பீவி வீட்டுப் பக்கம்கூட ஒரு பார்வை பார்த்தார். அரை மணி நேரம் தவம் இருந்தும் பாக்கியம் அசையவில்லை.

"பாட்டுப் பாடினாளா?"

"இல்ல."

"மயக்கம் போட்டு விழுந்தாளா?"

"ஏங்க, உங்க புத்தி இப்படியா போகணும்?"

பெருமூச்சு விட்டு ஆசிரியருக்கு எழுதினார்: 'கதை என் மனைவி ஆனந்தமேரியுடையது. ஆறு வருடங்களாக எல்லாமே அவளுடையதுதான்.' எழுதி முடித்தபோது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஏனோ, பல வருஷமாகச் சுமந்த மூட்டையை இறக்கியது போலவும் இருந்தது. மேரி அந்த வரியை மூன்று தடவை வாசித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொங்கல் முடிந்து தொடர் ஆரம்பமாயிற்று. மேரி நாற்காலியில் சாய்ந்து சொல்லச் சொல்ல, சவரிமுத்து தரையில் உட்கார்ந்து எழுதினார். கதை நெஞ்சைச் சுட்டது. ஒவ்வொரு வாரமும் அந்தப் புருஷன்காரன் படும் பாட்டைப் பார்த்து அவருக்கே தாங்கவில்லை.

"கடைசில அவனுக்கு என்னதான் புள்ள ஆகுது? திருந்துறானா, நாசமாப் போறானா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றாள் மேரி. "பதினாறு வாரம் முடியணும்ல. நீங்க நடந்துக்கிறதப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."