நாலாம் மாடிக் காப்பி

"உள்ள வந்தாலே ஒரு ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது சார்," என்றார் வீட்டுத் தரகர், மூக்கைத் தேய்த்துக்கொண்டே.

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கடையும் தன் சட்டையில் தொற்றிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வருகிறது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. போதாக்குறைக்கு மனைவியின் முழங்கால் தைலம் வேறு.

அந்த முழங்காலுக்காகத்தான் வீடே விலைக்கு வந்தது. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எதிர் வீடும் விலை போகாமல் பூட்டியே கிடந்தது. தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பேசி வைத்திருந்தார்கள். வாசலில் எலுமிச்சை மரம். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் எலுமிச்சை வேறு யாருக்கோ காய்க்கும். இங்கே பார்க்க வந்தவர்களோ மூச்சை அடக்கிக்கொண்டே வந்து, அடக்கிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஜோடியக் கூட்டிட்டு வர்றேன். உள்ள நுழையும்போதே காப்பி கமகமன்னு மணக்கணும். பாதி வீட்டை மூக்குதான் சார் வாங்குது," என்று சொல்லிவிட்டுத் தரகர் போனார்.

வீட்டில் இருந்தது வெந்நீரில் கரைக்கிற தூள். போட்டுப் பார்த்தார். வெந்நீர் மணந்தது. காப்பி என்றால் உயிரை விடுகிற மச்சினனுக்குப் போன் போட்டார்.

"அது காப்பி இல்ல மாமா. காப்பியோட மரணச் சான்றிதழ்," என்றான் அவன். "வறுத்த கொட்டையா வாங்குங்க. போடுறதுக்கு முன்னாடி அரைங்க."

மிக்சியில் அரைத்தார். பாதி மாவானது, பாதி சரளையானது. மோட்டார் கருகிப் புகைந்தது.

"இப்ப தீப்பிடிச்ச ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. "முன்னேற்றம்தாங்க."

"மிக்சியா? கையால சுத்துற மெஷின் வேணும் மாமா."

வாங்கினார். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வெறிபிடித்தவர்போலச் சுற்றினார். எழுந்தபோது அவருடைய முழங்காலும் பிடித்துக்கொண்டது. மனைவி தைலக் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். வீட்டில் தைல வாசனை இரட்டிப்பானது.

"தூளை எடை போட்டீங்களா?" என்றான் மச்சினன் மறுபடியும் போனில்.

"கண்ணளவுதான்."

"கண்ணளவுல மாத்திரை குடுப்பீங்களா மாமா?"

தொழிலைத் தொட்டுவிட்டான். கடைத் தராசையே வீட்டுக்குத் தூக்கி வந்தார். அன்று அதில் யாருக்கோ கந்தகக் களிம்பு நிறுத்திருந்தது நினைவில்லை. இறங்கிய காப்பி சொறிக்கு நல்லது என்பதுபோல மணந்தது.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, சற்றே ஆறியிருக்க வேண்டும் என்றான் மச்சினன். காய்ச்சல் பார்க்கும் கருவியை வெந்நீரில் விட்டார். அத்தனை காய்ச்சலை அது கண்டதில்லை. ஒருமுறை கீச்சிட்டு உயிரை விட்டது.

பிறகு காகித வடிகட்டி வந்தது. மூக்கு நீண்ட கெண்டி வந்தது. அடுப்படியில் மனைவிக்கு நிற்க இடமில்லாமல் போனது. பொருளை வீணாக்குவது அவருக்குப் பாவம். கெட்டுப்போன காப்பி அத்தனையையும் தானே குடித்தார். சனிக்கிழமை கடையில், இருமல் மருந்து கேட்டு வந்தவருக்கு இருமலின் முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். வந்தவர் இருமவே மறந்துபோனார்.

"கடைசியா எப்பங்க வாயை மூடினீங்க?" என்றாள் மனைவி.

"மூடினா பல்லு தந்தியடிக்குதும்மா."

ஞாயிறு காலை, தரகரின் பின்னால் அந்தக் கணவனும் மனைவியும் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கெண்டியைத் தூக்கினார். கை வெடவெடவென்று நடுங்கியது. கெண்டியின் மூக்கு தானாகவே சின்னச் சின்ன வட்டம் போட்டது. தண்ணீர் நூலாய் இறங்கிச் சுழன்றது. மச்சினன் மணிக்கணக்கில் விளக்கியும் வராத வித்தை, நடுக்கத்தில் வந்துவிட்டது. தூள் பூரித்து எழுந்தது. அதுவரை வந்திராத ஒரு மணம் கிளம்பி, தைலத்தையும் கந்தகத்தையும் ஜன்னல் வழியே தள்ளிவிட்டு, வீடு முழுக்க நிறைந்தது.

வந்தவர்கள் ஒரு வாய் குடித்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள் வந்தவள்.

"வீட்டைச் சுத்திப் பாக்கலாமே," என்றாள் இவர் மனைவி.

"பாத்துட்டோம்ல," என்றான் வந்தவளின் கணவன், நாற்காலியை விட்டு அசையாமலே. குளியலறைக் கசிவைப் பற்றிக் கேட்கவில்லை. மாடிப்படியைப் பற்றிக் கேட்கவில்லை. கொட்டை எங்கே வாங்குகிறீர்கள், தினமும் போடுவீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். போகும்போது இருவரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கை ஏற்கெனவே குலுங்கிக்கொண்டிருந்ததால் அது வெகு எளிதாக இருந்தது.

"முடிஞ்சிருச்சுங்க," என்றாள் மனைவி, கதவைச் சாத்திவிட்டு. முழங்காலை மறந்து ஒரு சுற்று சுற்றினாள். அவர் தரைத்தள வீட்டுக்காரருக்குப் போன் செய்யக் கையை நீட்டினார். அதற்குள் போனே அடித்தது. தரகர்.

"சார், அட்வான்ஸே குடுத்துட்டாங்க, பூட்டிக் கிடந்த உங்க எதிர் வீட்டுக்கு; இப்படிக் காப்பி போடுற மனுஷனை விட்டுட்டு வேற எங்கயும் போக மாட்டோம்னு ஒரே பிடிவாதம்."