வளர்கிற பிள்ளைக்கு ஓர் இறக்கை

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கே உன் அக்கா சௌக்கியம். தையல் மிஷின் சௌக்கியம். என் சௌக்கியத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். நேரில் பிடித்து உன்னை நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

"அத்தான், அருங்காட்சியகத்துல சின்னத் தையல் வேலை, ஒரு பறவைக்கு இறக்கை" என்று என்னைக் கோத்துவிட்டு, நீ பாட்டுக்கு வெளியூருக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டாய். முதலில் அது பறவையே இல்லை. டைனோசர் காலத்தில் பறந்த ஊர்வனவாம். "அப்ப டைனோசர்னு சொல்லுங்க" என்றேன். அதுவும் இல்லை, டைனோசருக்கு ஒன்றுவிட்ட உறவு என்று அங்கே இருந்த ஆராய்ச்சி அம்மா முகத்தைச் சுளித்தார். பெயரை எழுதியே கொடுத்தார். அப்படியும் என் வாயில் நுழையவில்லை. இந்த ஜந்துவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம்.

அளவெடுக்க எலும்பைக் காட்டுங்கள் என்றேன். உள்ளங்கையில் அடங்குகிற தாடைத் துண்டு ஒன்று, விரல் எலும்பில் பாதி. இதுவரை கிடைத்ததே அவ்வளவுதானாம்! பொத்தானைக் கொடுத்து, இந்த ஆளுக்குக் கோட்டு தைத்துக் கொடு என்பதுபோல் இருந்தது. மீதி உடம்பைச் சொந்தக்கார ஜந்துக்களைப் பார்த்து அனுமானித்துக் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். இறக்கையைத் தாங்குவது மோதிர விரலாம். அந்த ஒரு விரல் மட்டும் உடம்பைவிட நீளம். என் தொழிலில் மோதிர விரலுக்கு அளவெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரி, அந்த விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை துணியில் தைத்துக் கொண்டுபோனேன். "மாஸ்டர், நேத்து ஒரு கட்டுரை வந்துருக்கு. இறக்கை தொடை வரைக்கும்தான் இருக்கணும்." பிரித்துத் தொடையில் தைத்தேன். "அந்தக் கட்டுரைக்கு மறுப்பு வந்துருச்சு மாஸ்டர்." மறுபடியும் கணுக்கால். செத்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆன ஜந்துவுக்கு வாரா வாரம் ஃபேஷன் மாறுகிறதடா!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் நடந்ததுதான் மானக்கேடு. இது குஞ்சு என்று அந்த அம்மாதான் சொன்னார். குழந்தை உடுப்பென்றால் உள்ளே துணி மடித்து விட்டுத்தானே தைப்பேன்? கைப்பழக்கம், விட்டுவிட்டேன். மாட்டிப் பார்த்தால் விளிம்பு தடித்து இறக்கை தொங்குகிறது. "எதுக்கு மாஸ்டர் இவ்வளவு மடிப்பு?" என்று கேட்டார். "வளர்ற பிள்ளைம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வாசல் காவலாளி வரைக்கும் சிரித்தார்கள். மடிப்பை வெட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். என் கடையிலிருந்து போன துணி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. இந்த இறக்கை வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அது கூடம் முழுக்கக் கொடியில் விரிந்து தொங்குகிறது. உன் அக்கா அதற்கடியில் குனிந்துதான் சமையலறைக்குப் போகிறாள். அப்படியும் "என் தம்பி தப்பான வேலை வாங்கித் தர மாட்டான்" என்கிறாள். நல்ல துணி, வெட்டவும் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ஆகவே கடிதம் கண்டதும் நீயே வந்து இதை அவர்களிடம் ஒப்படைத்துவிடு. இறக்கைக்குக் கீழே என் பெயரை எழுதப் போகிறார்களாம். எழுதவே கூடாது என்று சொல்லிவிடு.

குழந்தைகளுக்கு என் ஆசி. உனக்குரியதை வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆராய்ச்சி அம்மா மூச்சிரைக்க வீட்டுக்கே வந்துவிட்டார். எலும்பைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்களாம். அது குஞ்சே இல்லையாம், நன்றாக வளர்ந்த ஜந்துவாம். வளர்ந்ததற்கு இறக்கை இன்னும் நீளமாம். கம்பியை நீட்டிவிட்டார்கள், துணிதான் எட்டாதாம். "மாஸ்டர், அந்த மடிப்பை வெட்டிட்டீங்களா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார். நான் தையலைப் பிரித்து விரித்துக் காட்டினேன். புது அளவுக்குக் கச்சிதம்! நீ வர வேண்டாம். என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவையும் உள்ளே கொஞ்சம் துணி விட்டிருக்கிறேன், அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதே.